விண்ணப்பிக்கும் முன் சூப்பர்வைசரைப் பார்க்க ஒரு வழி: அவசர அழைப்பு மையங்களின் சிட்-அலாங்

அவசர அழைப்பு மையத்தில் டிஸ்பாட்சர், அதாவது உதவி கேட்டு வரும் போனை எடுத்து ஆளை அனுப்பி வைப்பவர், வேலைக்கு விண்ணப்பிக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பல மையங்கள் கட்டணம் வாங்காமல் தரும் ஒரு வசதியைப் பற்றிய மதிப்பீடு இது. சிட்-அலாங் என்பார்கள். வேலையில் சேர ஆசைப்படுகிறவரைச் சில மணி நேரம் கண்ட்ரோல் ரூமுக்குள் அழைத்து, ஒரு டிஸ்பாட்சரின் பக்கத்தில் உட்கார வைத்து, இன்னொரு ஹெட்செட் கொடுத்து, வருகிற கால்களை, அதாவது போன் அழைப்புகளை, கேட்க விடுவார்கள். பேசக் கூடாது, எதையும் தொடக் கூடாது. இந்த வேலை நமக்கு ஒத்துவருமா என்று நாமே பார்த்துக்கொள்வதற்காக ஏற்படுத்தியது. நான் போனது வேறொன்றுக்காக. அந்த அறையை நடத்துகிற சூப்பர்வைசர் எப்படிப்பட்டவர் என்று சேருவதற்கு முன்பே தெரிந்துகொள்ள விரும்பினேன். அதற்கு இதைவிட நல்ல வழி எனக்குக் கிடைக்கவில்லை. குறைகளும் உண்டு, அவற்றையும் சொல்கிறேன்.

வாடிக்கையாளர் சேவை மையங்களில் பல வருடம் ஹெட்செட் மாட்டி வேலை பார்த்தவள் நான். ஒரு நல்ல சூப்பர்வைசர் இருந்தால் பத்து மணி நேர ஷிஃப்ட் எப்படி ஓடிவிடும், மோசமானவர் இருந்தால் ஒரு மணி நேரம் எப்படி நகராது என்பது நன்றாகத் தெரியும். ஆனால் அங்கே பணம் திரும்ப வரவில்லை என்று ஒருவர் கத்தினால், போனை வைத்த கொஞ்ச நேரத்தில் அது மனசை விட்டுப் போய்விடும். இங்கே வருகிற கால்கள் அப்படிப் போகாது. அமெரிக்காவில் 24 மாநிலங்களைச் சேர்ந்த 171 டிஸ்பாட்சர்களிடம் நடத்திய ஓர் ஆய்வு 2012-ல் வெளியானது. தங்கள் வேலையில் எடுத்ததிலேயே மிக மோசமான கால் எது என்று அதில் கேட்டிருந்தார்கள். அதிகம் பேர் சொன்ன பதில், ஒரு குழந்தைக்கு எதிர்பாராமல் அடிபட்டது அல்லது குழந்தை இறந்துபோனது பற்றிய அழைப்பு.

அப்படி ஒரு கால் முடிந்த அடுத்த நிமிடத்தில் என்ன நடக்கும் என்பது சூப்பர்வைசர் கையில் இருக்கிறது. எழுந்து வெளியே போய்விட்டு வாருங்கள் என்பாரா, அடுத்த கால் காத்திருக்கிறது என்பாரா? அந்த ஒரு நிமிடத்தைப் பற்றித்தான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. சம்பளமும் விடுமுறையும் வேலை அறிவிப்பிலேயே இருக்கின்றன.

அந்த நிமிடத்தில் சூப்பர்வைசருக்கும் நெருக்கடி இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 911, 999, 112, 108, எந்த எண்ணாக இருந்தாலும் அறைக்குள் நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான். எந்த நேரமும் குறைந்தபட்சம் இத்தனை பேர் இருக்கையில் இருந்தாக வேண்டும். ஒருவர் காய்ச்சல் என்று வராவிட்டால், வீட்டுக்குக் கிளம்பத் தயாராக இருக்கும் இன்னொருவரை நிறுத்தி வைக்க வேண்டும். காத்திருக்கும் கால்களின் எண்ணிக்கை எல்லோர் கண்ணிலும் படும்படி பெரிய திரையில் ஓடிக்கொண்டே இருக்கும். அமெரிக்காவில் நேனா என்ற துறை அமைப்பு வைத்திருக்கும் தரநிலைப்படி, 100-க்கு 90 கால்களை 15 விநாடிக்குள் எடுத்துவிட வேண்டும். அந்த எண்ணுக்கும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மனுஷிக்கும் நடுவில் நிற்பவர் சூப்பர்வைசர். ஓய்வு யாருக்கு, ஓவர்டைம் யார் தலையில், புதிதாக வந்தவரை யாரிடம் பயிற்சிக்கு விடுவது, பதிவான காலைக் கேட்டு யாருக்கு எத்தனை மதிப்பெண், எல்லாம் அவர் வழியாகத்தான் போகும்.

சரி, இப்படிப்பட்ட ஒருவரைப் பற்றி வெளியிலிருந்து எப்படித் தெரிந்துகொள்வது? நான் முதலில் பார்த்தது, எல்லோரும் பார்ப்பதைப் போல, கிளாஸ்டோர் மாதிரி ஊழியர்கள் கருத்து எழுதும் தளங்களை. மென்பொருள் நிறுவனத்துக்கோ வங்கிக்கோ அவை உதவும். இந்த வேலைக்கு மிகக் குறைவாகத்தான் உதவுகின்றன. அதற்குக் காரணங்கள் இருக்கின்றன.

அவசர அழைப்பு மையம் பெரும்பாலும் தனிப் பெயரில் இருக்காது. காவல் துறைக்குள்ளோ, மாநகராட்சிக்குள்ளோ, ஆம்புலன்ஸ் நடத்தும் நிறுவனத்துக்குள்ளோ ஒரு பிரிவாக இருக்கும். அந்தப் பெரிய பெயருக்கு நேராக இருக்கும் நட்சத்திரங்கள் பூங்காவைப் பராமரிப்பவர், கணக்கர், ஓட்டுநர் எல்லோரும் சேர்ந்து போட்டவை. டிஸ்பாட்சர் எழுதியது நடுவில் எங்கோ ஒன்றிரண்டு கிடக்கும். அடுத்து, ஒரு ஷிஃப்ட் என்பது கைவிரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். அதில் ஒருவர் சூப்பர்வைசரைப் பற்றி இரண்டு வரி எழுதினாலும், எழுதியது யார் என்று மறுநாளே அறைக்குத் தெரிந்துவிடும். அதனால் உள்ளே இருப்பவர்கள் வாய் திறப்பதில்லை. எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் வெளியே போனவர்கள். அப்புறம், கிளாஸ்டோரின் விதிப்படி நிறுவனத்தின் உச்சித் தலைமையில் இருப்பவர்களைத் தவிர மற்றவர்களின் பெயரைக் குறிப்பிட முடியாது. அது நியாயமான விதி. ஷிஃப்ட் சூப்பர்வைசர் ஒன்றும் பொதுவாழ்வில் இருப்பவர் அல்ல, அவர் பெயர் அங்கே கிடந்து நாறத் தேவையில்லை. ஆனால் அதனால் நமக்கு வேண்டிய தகவல் அங்கே இருக்க வாய்ப்பில்லை.

இருந்தாலும் முழுக்கத் தள்ளிவிட மாட்டேன். நட்சத்திரங்களை விட்டுவிட்டுத் தேதியைப் பாருங்கள். வேறு வேறு ஆட்கள், வேறு வேறு வருடங்களில், ஒரே குறையை எழுதியிருந்தால் அது ஒரு சூப்பர்வைசரின் சுபாவம் மட்டும் அல்ல, அந்த இடத்தின் பழக்கம். "வேண்டியவர்களுக்குத்தான் பகல் ஷிஃப்ட்" என்று நான்கு வருட இடைவெளியில் எழுதியிருந்தால் அதை நம்பலாம். ஒரே மாதத்தில் ஐந்து பேர் ஒரே மாதிரி திட்டியிருந்தால், அந்தச் சமயத்தில் ஏதோ நடந்திருக்கிறது, இப்போது அந்த ஆள் அங்கே இருக்கிறாரா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

அடுத்தது ஆவணங்கள். அரசு நடத்தும் மையமாக இருந்தால் இது நல்ல வழி. வரவு செலவுக் கூட்டங்களின் குறிப்புகளில் கண்ட்ரோல் ரூமின் காலியிடங்களும் ஓவர்டைம் செலவும் வந்துவிடும். ஓவர்டைம் வருடத்துக்கு வருடம் ஏறிக்கொண்டே போகிறது, காலியிடம் மட்டும் நிரம்புவதே இல்லை என்றால், ஆட்கள் வந்து வந்து போகிறார்கள் என்று அர்த்தம். கடந்த மூன்று வருடத்தில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் பயிற்சியிலேயே விலகினார்கள் என்று எழுதியும் கேட்கலாம். இந்தியாவில் 2005-ம் வருடத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 30 நாளில் பதில் வர வேண்டும். பிரிட்டனில் 2000-ம் வருடச் சட்டப்படி 20 வேலை நாட்கள். பெயர்களைக் கேட்காதீர்கள், எண்ணிக்கையை மட்டும் கேளுங்கள். ஒரே வேலை அறிவிப்பு வருடம் முழுக்கத் திறந்தே கிடப்பதைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். பயிற்சிக்கு மாதக்கணக்கில் ஆகும், நடுவில் பலர் தேறாமல் போவார்கள் என்பதால் நல்ல மையங்களும் அப்படித் திறந்து வைப்பது உண்டு.

இவை எல்லாம் மையத்தைப் பற்றிச் சொல்கின்றன. ஆளைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அப்போதுதான் எனக்குத் தெரிந்த ஓர் அக்காவிடம் பேசினேன். இந்த வேலையில் நீண்ட காலம் இருந்து, சூப்பர்வைசராகவும் இருந்து, வெளியே வந்தவர். "அங்க சூப்பர்வைசர் எப்படின்னு யார்கிட்டயும் கேட்காதம்மா. நல்லவர்தான்னு சொல்லுவாங்க, வேற என்ன சொல்லுவாங்க? போய் ஒரு ஷிஃப்ட் உக்காரு. அவர் எங்க உக்காந்திருக்கார்னு பாரு. எப்ப எழுந்திரிக்கிறார்னு பாரு. அது போதும்" என்றார்.

சிட்-அலாங் கேட்பது சிரமமில்லை. ஆள் சேர்க்கும் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் போதும். சில மையங்களில் விண்ணப்பிக்கும் முன்பே வரச் சொல்வார்கள், சிலவற்றில் எழுத்துத் தேர்வு முடிந்த பிறகுதான். அடையாள அட்டை கேட்பார்கள், குற்றப் பின்னணி ஏதும் உண்டா என்று சரிபார்ப்பார்கள், கேட்டதை வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்து வாங்குவார்கள். போனை அணைத்து வெளியே வைத்துவிட வேண்டும். நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதனால் கீழே எழுதுவதில் எந்தக் காலின் விவரமும் இருக்காது. அழைத்தவர் யார், என்ன ஆனது என்பது அவர்களுடையது. அறைக்குள் இருந்தவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன், அதிலும் மையத்தின் பெயர் இல்லாமல்.

ஒரு மையத்தில் சூப்பர்வைசரின் இடம் கண்ணாடி அடைத்த தனி அறை. கதவு பெரும்பாலும் மூடியிருந்தது. நான் இருந்த நேரத்தில் அவர் வெளியே வந்ததெல்லாம் ஏதாவது ஒன்றைத் திருத்துவதற்குத்தான். பயிற்சியில் இருந்த ஒரு பெண், முகவரி எழுதும் கட்டத்தில் ஏதோ தவறாகப் போட்டுவிட்டாள் போல. அவள் இன்னும் லைனில் பேசிக்கொண்டிருக்கிறாள், இவர் அறையின் அந்தப் பக்கத்திலிருந்தே சத்தமாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் திருத்தினார். அவள் காதில் ஒரு குரல், அறையில் ஒரு குரல். பக்கத்தில் இருந்தவர்கள் யாரும் தலை தூக்கவில்லை. அது அங்கே புதிதல்ல என்று அதிலிருந்தே புரிந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஒரு நீண்ட காலை முடித்தார். முடித்துவிட்டுத் திரையைப் பார்த்தபடியே அசையாமல் இருந்தார். பிறகு கையைத் தூக்கி, கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவரைப் பார்த்தார். அவர் பெரிய திரையைச் சுட்டிக் காட்டினார். மூன்று கால் காத்திருந்தது. இவர் கையை இறக்கி அடுத்ததை எடுத்தார். குரல் கொஞ்சமும் மாறவில்லை. அந்தத் திறமையை நான் மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் அதற்குப் பிறகும் அவரை யாரும் எழுப்பி விடவில்லை. நான் கிளம்பும் வரை அதே நாற்காலியில்தான் இருந்தார்.

அந்தச் சூப்பர்வைசரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. காத்திருந்த மூன்று பேருக்கும் உதவி தேவை என்பது உண்மை. ஆனால் அவர் மேசையிலும் ஒரு போன் இருந்தது. ஒரு காலை அவர் எடுத்திருக்கலாம். அது அவருக்குத் தோன்றவே இல்லை என்பதைத்தான் நான் கவனித்தேன். பிறகு விசாரித்தபோது, அவர் வேறு பிரிவின் நிர்வாகத்திலிருந்து மாற்றலாகி வந்தவர், கன்சோலில், அதாவது கால் எடுக்கும் மேசையில், உட்கார்ந்து வேலை பார்த்தவர் இல்லை என்று தெரிந்தது.

இதைக் கட்டாயம் கேளுங்கள்: உங்கள் சூப்பர்வைசர் டிஸ்பாட்சராக இருந்து மேலே வந்தவரா, வெளியிலிருந்து வந்தவரா? அமெரிக்க அரசின் தொழில் வகைப்பாட்டை 2018-ல் திருத்தியபோதும், டிஸ்பாட்சர்களை அலுவலக நிர்வாக உதவிப் பணியாளர்களின் பிரிவிலேயே விட்டுவிட்டார்கள். தட்டச்சரும் வரவேற்பாளரும் இருக்கிற பிரிவு அது. காவலரும் தீயணைப்பு வீரரும் இருக்கும் பிரிவுக்கு மாற்ற வேண்டும் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்கள் தொடர்ந்து போராடுகிறார்கள். காகிதத்தில் அப்படி இருப்பது ஒரு பக்கம். கூடவே இருக்கும் சூப்பர்வைசரும் அதை எழுத்தர் வேலையாகப் பார்த்தால் தாங்குவது கஷ்டம்.

இன்னொரு மையம். அங்கே சூப்பர்வைசருக்குத் தனி அறை இல்லை. எல்லோரும் இருக்கிற அதே வரிசையில், கொஞ்சம் உயரமான மேடையில், மற்றவர்களுக்கு இருப்பதைப் போலவே ஒரு கன்சோல். அந்தம்மா தலையிலும் ஹெட்செட் இருந்தது. பேசாமல் கேட்டுக்கொண்டே இருந்தார், யார் குரல் எப்படிப் போகிறது என்று. நெஞ்சு அமுக்கச் சொல்லிக் கொடுக்கிற ஒரு கால் வந்தது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: இதயம் நின்றவருக்கு ஆம்புலன்ஸ் வரும்வரை, பக்கத்தில் இருப்பவரை வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை நெஞ்சை அமுக்க வைக்க வேண்டும். வேகம் குறையாமல் இருக்க டிஸ்பாட்சர் போனில் கூடவே சத்தமாக எண்ணுவார். ஆம்புலன்ஸ் சீக்கிரம் வந்தால்கூட அது சில நிமிடங்கள். எண்ணுகிறவருக்கு அது நீண்டுகொண்டே போகும்.

எண்ணத் தொடங்கியதுமே சூப்பர்வைசர் எழுந்துவிட்டார். ஓடவில்லை, நடந்து வந்து அந்த டிஸ்பாட்சரின் பின்னால் நின்றார். தோளில் கை வைக்கவில்லை, பேசவில்லை. ரேடியோவில் ஆம்புலன்ஸ் எங்கே வருகிறது என்று தானே கேட்டு, ஒரு துண்டுச் சீட்டில் நிமிடத்தை எழுதி அவர் கண்ணுக்கு நேரே வைத்தார். பிறகு இன்னொரு சீட்டு. அந்த ஷிஃப்டில் எத்தனையோ பேர் எத்தனையோ திறமையாக வேலை பார்த்தார்கள். ஆனாலும் அந்தச் சீட்டுகள்தான் எனக்குப் பெரிதாகப் பட்டன. எண்ணிக்கொண்டிருப்பவருக்கு அந்த நேரத்தில் வேறு எதையும் பார்க்க முடியாது. இன்னும் எத்தனை நேரம் என்று மட்டும் தெரிந்தால் குரல் தாங்கும். இதைச் செய்த அனுபவம் இருப்பவருக்குத்தான் இது தெரிந்திருக்கும்.

கால் முடிந்தது. "லாக்-ஆஃப் பண்ணிட்டு வெளிய போயிட்டு வாங்க" என்றார். டிஸ்பாட்சர் தயங்கினார். திரையில் கால்கள் காத்திருந்தன. "நான் உக்காந்துக்கறேன், போங்க" என்று சொல்லி, அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து அடுத்த காலை எடுத்தார். டிஸ்பாட்சர் திரும்பி வந்த பிறகும் சூப்பர்வைசர் உடனே எழவில்லை. கையில் இருந்த காலை முடித்துவிட்டுத்தான் எழுந்தார். அவ்வளவுதான் நடந்தது. யாரும் பேச்சுப் பேசவில்லை, கைதட்டவில்லை. அறையில் இருந்த மற்றவர்கள் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தங்கள் வேலைக்குத் திரும்பினார்கள். அதுவும் அங்கே புதிதல்ல.

ஓய்வு நேரத்தில் பக்கத்தில் இருந்தவரிடம் பேசக் கிடைக்கும். அந்த நேரத்தை வீணாக்காதீர்கள். "சூப்பர்வைசர் எப்படி" என்று கேட்டால் அக்கா சொன்னதுதான் நடக்கும். நடந்ததைக் கேளுங்கள். கடைசியாக உங்களை எப்போது ஷிஃப்ட் முடிந்த பிறகும் நிறுத்தி வைத்தார்கள், எத்தனை மணி நேரத்துக்கு முன்னால் சொன்னார்கள்? கடைசியாகக் கேட்ட விடுமுறை கிடைத்ததா? கடைசியாக உங்கள் பதிவைக் கேட்டு யாராவது பேசியது எப்போது, அதில் நல்லது ஏதாவது சொன்னார்களா?

பதிவைப் பற்றிக் கேட்பது முக்கியம், கொஞ்சம் விளக்குகிறேன். சால்ட் லேக் சிட்டியில் டாக்டர் ஜெஃப் கிளாசன் 1970-களின் கடைசியில் ஒரு முறையை உருவாக்கினார். டிஸ்பாட்சர் குறிப்பிட்ட கேள்விகளை வரிசையாகக் கேட்டு, நிலைமை எவ்வளவு அவசரம் என்று வகைப்படுத்தி, ஆம்புலன்ஸ் வருவதற்குள் போனிலேயே முதலுதவி சொல்லித் தர வேண்டும். இன்று பல நாடுகளில் அதுவோ அதைப் போன்றவையோ பயன்படுகின்றன. கேள்விகள் எழுதி வைக்கப்பட்டிருப்பதால், பிறகு பதிவைக் கேட்டு எதைக் கேட்டார், எதை விட்டார் என்று மதிப்பெண் போட முடிகிறது. நல்ல கையில் இது மிக நல்ல பயிற்சி. எந்தக் கேள்வியை விட்டதால் எவ்வளவு நேரம் போனது என்று சேர்ந்து உட்கார்ந்து கேட்கும்போது கற்றுக்கொள்வதைப் போல எந்த வகுப்பிலும் கற்றுக்கொள்ள முடியாது. மோசமான கையில் இதுவே பிடித்து ஆட்டுகிற கயிறு. நான் கேட்டபோது முதல் மையத்தில் ஒருவர், "மார்க் மட்டும் மெயிலில் வரும்" என்றார். இரண்டாவதில், "நல்ல காலையும் எடுத்து எல்லோருக்கும் போட்டுக் காட்டுவார்" என்றார். எனக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

பயிற்சியில் இருப்பவர் யாராவது அறையில் இருந்தால் அவரைக் கவனியுங்கள். இந்த வேலையில் வகுப்பு முடிந்ததும், ஒரு பயிற்சியாளருடன் கன்சோலில் உட்கார வைத்து, தினமும் அன்றைக்கு எப்படிச் செய்தார் என்று அறிக்கை எழுதுவது பல இடங்களில் வழக்கம். நாமும் சேர்ந்தால் முதலில் அந்த நாற்காலியில்தான் உட்காரப் போகிறோம். அவர் சந்தேகம் வரும்போது திரும்பிக் கேட்கிறாரா, கேட்கப் பயந்து திரையையே பார்க்கிறாரா என்பது தூரத்திலிருந்தே தெரியும். தேர்ந்த ஊழியரிடம் எல்லாச் சூப்பர்வைசரும் மரியாதையாகத்தான் இருப்பார்கள். தடுமாறுகிறவரிடம் எப்படி என்பதுதான் கேள்வி.

இனி குறைகள். எந்த ஷிஃப்ட், யார் பக்கத்தில் என்பதை மையமே முடிவு செய்கிறது. நல்ல குழுவாகப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். வெளியாள் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்று சூப்பர்வைசருக்கும் தெரியும். ஆனாலும் நெருக்கமான நேரத்தில் நடிக்க முடியாது என்பது என் எண்ணம். அரை மணி நேரம் கால்கள் தொடர்ந்து வந்தால், வந்திருப்பது யார் என்பதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பிரச்சினை, கால்களே வராத ஒரு மதியத்தில் போய் உட்கார்ந்தால் ஒன்றும் தெரியாது. எல்லோரும் அன்பாகத்தான் இருப்பார்கள். கால் கேட்பது அழைப்பவரின் அந்தரங்கத்தில் தலையிடுவது என்று சொல்லி வெளியாரை அறவே அனுமதிக்காத மையங்களும் இருக்கின்றன. அதில் தவறு காண முடியாது.

எல்லாவற்றையும் விடப் பெரிய குறை இது: நாம் பார்க்கிற சூப்பர்வைசரின் கீழ் நாம் வேலை பார்ப்போம் என்று எந்த உறுதியும் இல்லை. பல மையங்களில் மூத்தவர்கள் தங்களுக்கு வேண்டிய ஷிஃப்டை முதலில் எடுத்துக்கொள்வார்கள். மிச்சம் இருப்பது புதியவர்களுக்கு. மிச்சம் என்றால் இரவும் வார இறுதியும். ஆனால் சிட்-அலாங்குக்குக் கூப்பிடுவது பெரும்பாலும் வேலை நாளில், பகலில். பகல் சூப்பர்வைசரைப் பார்த்துவிட்டுச் சேர்ந்து, இரவு சூப்பர்வைசரிடம் போய் உட்கார்வது நடக்கக்கூடியதுதான். அதனால் கேட்கும்போதே, "புதிதாகச் சேருகிறவர்கள் வழக்கமாக எந்த ஷிஃப்டுக்குப் போவார்கள்? அந்த ஷிஃப்டில் உட்கார முடியுமா?" என்று எழுதுங்கள். கேட்டதற்காக யாரும் கோபப்பட மாட்டார்கள். கோபப்பட்டால் அதையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சிட்-அலாங் இல்லாத மையமாக இருந்தால், நேர்காணலில் கடைசியாக "ஏதாவது கேட்க வேண்டுமா" என்பார்களே, அப்போது கேட்கலாம். குழுவில் ஒரு சூப்பர்வைசர் அநேகமாக இருப்பார். கடைசியாக ஒரு மோசமான கால் வந்த பிறகு, அதை எடுத்தவருக்கு அன்றைக்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். "எங்களிடம் ஆலோசகர் இருக்கிறார், எண் சுவரில் ஒட்டியிருக்கிறது" என்பது ஒரு பதில். "அவரை எழுப்பிவிட்டு நான் உட்கார்ந்தேன், மறுநாள் கூப்பிட்டுப் பேசினேன்" என்பது இன்னொரு பதில். ஆலோசகர் வேண்டாம் என்று சொல்லவில்லை, கட்டாயம் வேண்டும். ஆனால் நான் கேட்டது சூப்பர்வைசர் என்ன செய்தார் என்பதை.

மொத்தத்தில் இந்த வசதிக்கு ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். ஒன்றைக் குறைப்பது ஷிஃப்டை நாம் தேர்ந்தெடுக்க முடியாததற்காக. கருத்து எழுதும் தளங்களுக்கு, இந்த வேலையைப் பொறுத்தமட்டில், இரண்டுக்கு மேல் கொடுக்க முடியவில்லை. முதல் மையத்துக்கு விண்ணப்பிக்கவில்லை. இரண்டாவது மையத்துக்கு அனுப்பிவிட்டேன். காதில் கேட்டுக்கொண்டே தட்டச்சு செய்கிற கணினித் தேர்வு அடுத்து வருகிறது, அதற்குப் பழகிக்கொண்டிருக்கிறேன். இரவு ஷிஃப்டில் உட்கார அனுமதி கேட்டும் எழுதியிருக்கிறேன். வார இறுதி இரவாக இருந்தால் நல்லது என்று சேர்த்து எழுதினேன்.